பெரியநாயகி என்னும் பெயர்

கல்வெட்டுகளைப் படித்து வரலாறு கண்டோர் நம் நாட்டில் உண்டு. பழங்காசுகளைத் துலக்கி வரலாறு கண்டோரும் உண்டு. ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து, மறைந்துபோன செய்திகளை வெளிக்கொணர்ந்த அறிஞர்களையும் நீங்கள் அறிவீர்கள். ஆயினும், நாள்தோறும் வீட்டிலும் வீதியிலும் நாம் கூவி அழைக்கின்ற மக்கட்பெயர்களுக்குள்ளே வரலாறு உறைந்து கிடக்கின்றது என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. கல்வெட்டு ஓரிடத்தில் நிற்கும். பெயரோ பாட்டியிடமிருந்து பேர்த்திக்கு நடந்து வரும். அவ்வாறு நெடுந்தூரம் நடந்து வந்த ஒரு பெண்பெயரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அப்பெயர் பெரியநாயகி.

நான் வாழும் மங்கலம்பேட்டை, விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ளது. இப்பக்கத்துச் சிற்றூர்களில் ஒரு தலைமுறைக்கு முன்னர் பெரியநாயகி என்று பெயர் பெற்ற பெண் இல்லாத தெரு அரிது. பெரியநாயகம்மாள், பெரியாயி, நாயகி எனப் பல வடிவங்களில் அப்பெயர் வழங்கிற்று. இன்றோ பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் அதனைத் தேடித்தான் காண வேண்டும். ஒரு பெயர் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு பரவியது, ஏன் குறைந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பெரிய என்பது தமிழ். நாயகி என்பது வடசொல். நாயகன், நாயகி என்பவை நடத்திச் செல்லுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தவை. ஆகவே நாயகி என்றால் முன்நின்று நடத்துபவள், தலைவி என்பது பொருள். கதையை நடத்திச் செல்லும் பெண்ணைக் கதாநாயகி என்கின்றோம் அல்லவா? அந்த நாயகியே இந்த நாயகி.

பெரிய என்னும் சொல்தான் சற்று ஆழமானது. அதற்குத் தமிழில் மூன்று பொருள்கள் உள்ளன. பெரிய மரம் என்றால் அளவில் பெரியது. பெரியம்மா என்றால் ஆண்டில் மூத்தவள். பெரியோர் என்றால் பண்பில் உயர்ந்தவர். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய திருத்தொண்டர் புராணத்தைப் பெரியபுராணம் என்று வழங்குகின்றோம். ஏடுகள் மிகுதியாக இருப்பதனால் வந்த பெயர் அன்று அது. பெரியோர்களின் வரலாற்றைக் கூறுவதனால் வந்த பெயர். பெரியநாயகி என்பதிலுள்ள பெரிய என்னும் சொல்லும் அத்தகையதே. பெருமை மிக்க தலைவி என்பதே அப்பெயரின் நேர்பொருள்.

இனி, இப்பெயர் எங்கள் பக்கத்தில் வேரூன்றிய வரலாற்றைக் காண்போம். மணிமுத்தாற்றின் கரையிலுள்ள விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம் என்பது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம் அது. இறைவனிடம் பெற்ற பொன்னைச் சுந்தரர் இவ்வாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்னும் புராணச் செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவ்வூர்க் கோயிலைக் கருங்கற்கோயிலாக எடுப்பித்தவர் 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோழப் பேரரசி செம்பியன் மாதேவியார். ஊருக்குப் பழமலை என்றும் ஒரு பெயர் உண்டு; இறைவன் பழமலைநாதர், இறைவி பெரியநாயகி.

பிற்காலத்தில் தமிழ்ப் பெயர்களை வடமொழியில் பெயர்த்து வழங்கும் வழக்கம் பரவிற்று. திருமறைக்காடு வேதாரணியம் ஆனதும் அவ்வாறே. முதுமை என்பதற்கு விருத்தம் என்றும், குன்று என்பதற்கு அசலம் என்றும் சொல்லமைத்து, முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. அதனோடு ஒட்டிப் பழமலைநாதர் விருத்தகிரீசுவரர் ஆனார். பெரியநாயகியோ விருத்தாம்பிகை ஆனாள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதனைக் கூர்ந்து நோக்குங்கள். தஞ்சைப் பெரிய கோயிலிலும் அம்மையின் பெயர் பெரியநாயகியே. அங்கே அப்பெயரை வடமொழியாக்கியவர்கள் பிரகந்நாயகி என்றார்கள். பிரகத் என்றால் அளவாலும் மாண்பாலும் பெரியது என்று பொருள். விருத்தாசலத்திலோ விருத்த என்னும் சொல்லை இட்டார்கள்; அதற்கு மூத்தது, முதியது என்பதே பொருள். தமிழில் ஒரே சொல்லாக இருந்தது, வடமொழியில் இரண்டு கிளையாகப் பிரிந்துவிட்டது. ஓரூரில் அவள் பேருருவினள்; மற்றோர் ஊரில் அவள் மூதாட்டி! இரண்டுக்கும் தாயான தமிழ்ச்சொல்லோ மாண்பையே முதன்மையாகக் கருதிற்று.

இந்தப் பொருள் மாற்றத்தை மக்களும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் ஒரு கதை சான்று. குருநமசிவாயர் என்னும் அடியார் திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்துக்குச் செல்லும் வழியில் முதுகுன்றத்தில் தங்கினார். பசி மிகுந்தது. பெரியநாயகியை அழைத்து, உணவு கொண்டு வருமாறு ஒரு வெண்பாப் பாடினார். அப்பாட்டில் அம்மையைக் கிழத்தி என்னும் சொல்லால் பலமுறை விளித்தார். அம்மை முதியவளாகத் தோன்றி, என்னைக் கிழத்தி என்று பாடினாயே, கிழவி எவ்வாறு சோறு சுமந்து வருவாள் என்று கேட்டாளாம். அடியார் உடனே அவளை இளமை உடையவளாக மாற்றிப் பாடினார். அம்மையும் இளநங்கையாக வந்து அமுதளித்தாள் என்பது கதை. விருத்தாம்பிகைக்கு மட்டுமன்றிப் பாலாம்பிகை என்னும் இளைய நாயகிக்கும் அக்கோயிலில் சந்நிதி உண்டு.

கதையின் நயம் கிழத்தி என்னும் சொல்லில் இருக்கின்றது. கிழமை என்றால் உரிமை. நிலத்துக்கு உரியவர் நிலக்கிழார். கோவூர் கிழார், சேக்கிழார் என்னும் பெயர்களில் உள்ள கிழாரும் அதுவே. தொல்காப்பியர் கிழவன், கிழத்தி என்று கூறுவது தலைவனையும் தலைவியையும்தான். வயது முதிர்ந்தோரை அன்று. காலப்போக்கில் உரிமையைக் குறித்த சொல் முதுமையைக் குறிப்பதாயிற்று. அடியார் பழைய பொருளில் பாடினார். அம்மை புதிய பொருளில் கேட்டாள். பெரிய என்னும் சொல்லுக்கும் கிழத்தி என்னும் சொல்லுக்கும் நேர்ந்தது ஒன்றே. பெருமை தேய்ந்து வயது எஞ்சிற்று.

தெய்வத்தின் பெயர் வீட்டுப் பெண்ணின் பெயராக மாறியது எவ்வாறு? ஊர்த் தெய்வத்தின் பெயரையும் தலத்தின் பெயரையும் மக்களுக்கு இடுவது மிகப் பழைய வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான். அவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டுவித்துள்ளான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் அளித்த செய்தி அங்கே இருக்கின்றது. அப்பெயர்களுள் சேரமங்கை, தில்லையழகி, எடுத்தபாதம் என்பவை காணப்படுகின்றன. எடுத்தபாதம் என்பது தில்லைக் கூத்தனின் தூக்கிய திருவடி. அதுவே ஒரு பெண்ணின் பெயர்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கோயிலும் பெண்பெயரும் எவ்வளவு நெருங்கி இருந்தன என்பதை இதனால் அறிகின்றோம்.

அம்மனுக்கெனத் தனிச் சந்நிதி எழுப்பும் வழக்கமோ சோழர் காலத்தின் பிற்பகுதியில்தான் பெருகிற்று. கல்வெட்டுகள் அதனைத் திருக்காமக்கோட்டம் என்று குறிக்கின்றன. தஞ்சையில் இன்று நாம் காணும் பெரியநாயகி சந்நிதியும் இராசராசன் காலத்தது அன்று. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் சேர்ந்தது. பழனி நகரிலும், திருவண்ணாமலை மாவட்டத்துத் தேவிகாபுரத்திலும் பெரியநாயகி கோயில்கள் உள்ளன. 17-ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் முதுகுன்றத்துப் பெரியநாயகியைப் பற்றித் தனி நூல்கள் பாடினார். கோயில் பெருகப் பெருகப் பெயரும் பெருகிற்று.

பெயர் தலைமுறை தாண்டுவதற்கு மற்றொரு வழக்கமும் துணை செய்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பேர்த்தி. மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. ஆகையால் மாமியார் பெயரை மகளுக்கு இட்ட தாய், அம்மகளை ஆயி என்றும் பெரியம்மா என்றும் பாப்பா என்றும் அழைத்தாள். ஏட்டில் பெரியநாயகி, வீட்டில் பாப்பா. இவ்வாறு ஒரே பெயர் ஒரு குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வந்தது.

இதுவரை சொன்னவை ஒரு சமயத்தின் எல்லைக்குள் அடங்கியவை. இப்பெயரின் வரலாறு அவ்வெல்லையோடு நின்றுவிடவில்லை. மங்கலம்பேட்டைக்கு அருகே, முகாசாபரூர்ப் பக்கத்தில், கோணான்குப்பம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்கே ஒரு கத்தோலிக்கத் திருத்தலம் உண்டு. அத்தலத்து அன்னை மரியாளின் பெயரும் பெரியநாயகி! 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தலத்தைத் தோற்றுவித்தவர் வீரமாமுனிவர். தை மாதத்தில் அங்கு நடைபெறும் பெருவிழாவுக்குச் சுற்றுவட்டார மக்கள் திரள்கின்றனர். அன்னையின் திருவுருவம் தமிழ்ப் பெண்ணைப் போலப் புடவை அணிந்து நிற்கின்றது.

வீரமாமுனிவர் 1680-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் பிறந்தவர். இயற்பெயரில் ஒரு பகுதி கான்ஸ்டான்சோ என்பது. உறுதியுடையவர் என்று அதற்குப் பொருள். தமிழகம் வந்ததும் அப்பொருளுக்கு ஏற்பத் தைரியநாதர் என்று பெயர் பூண்டார். பின்னரே வீரமாமுனிவர் ஆனார். 1732-இல் சதுரகராதி தந்த அப்பெருமகனார், பெயர்களை ஒலியால் அன்றிப் பொருளால் பெயர்ப்பதில் வல்லவர். சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணி என்னும் காப்பியமாகப் பாடியபோது, யோசேப்பு என்னும் எபிரெயப் பெயருக்குப் பெருகுதல் என்னும் பொருள் இருப்பதை எண்ணி, அவரை வளன் என்று அழைத்தார். கடவுளின் அருளைக் குறிக்கும் யோவான் என்னும் பெயரைக் கருணையன் என்றார். சிறியவர் என்னும் பொருளுடைய பவுல் என்னும் பெயர் சின்னப்பர் என்று தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்குவதும் இத்தகைய மொழிபெயர்ப்பே.

அன்னை மரியாளை இத்தாலியர் மதோன்னா என்பர். என் தலைவி என்பது அதன் பொருள். பிரெஞ்சு மக்கள் நோத்ர்தாம் என்பர். எங்கள் தலைவி என்பது அதன் பொருள். தலைவி என்பதற்கு இப்பக்கத்து மக்களின் நாவில் ஏற்கெனவே பழகிய சொல் எது? நாயகி அன்றோ! முதுகுன்றத்துக்கு இவ்வளவு அண்மையில் அவர் பெரியநாயகி என்னும் பெயரைத் தேர்ந்தது தற்செயல் அன்று என்றே எனக்குத் தோன்றுகின்றது. ஊரார் உயர்ந்தவளை எப்படி அழைத்தார்களோ, அப்படியே தம் அன்னையையும் அழைத்தார். அதன் பயனாக, சைவர் வீட்டுப் பெண்ணும் கிறித்தவர் வீட்டுப் பெண்ணும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர்.

மங்கலம்பேட்டையில் இசுலாமியப் பெருமக்கள் பலர் வாழ்கின்றனர். அவர்கள் தம் இறைத்தூதரை நபிகள் நாயகம் என்கின்றனர். கதீஜா நாயகி, பாத்திமா நாயகி என்னும் வழக்கும் தமிழ் இசுலாமியரிடையே உண்டு. நாயகம், நாயகி என்னும் மதிப்புச்சொற்கள் மூன்று சமயத்தாரின் நாவிலும் ஊறியவை. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் தனித்தனியே நிற்கலாம். சொல்லுக்குச் சுவர் இல்லை.

இப்பெயரைப் புகழ்பெறச் செய்த ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். 1927-ஆம் ஆண்டு பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் ஒரு பெண் பிறந்தார். திருவதிகைக் கோயிலிலும் அம்மையின் பெயர் பெரியநாயகியே. அப்பெண்தான் பின்னர்த் தமிழகம் அறிந்த இசைவாணி பி. ஏ. பெரியநாயகி. 1945-இல் வெளிவந்த ஸ்ரீவள்ளி திரைப்படத்தில் கதாநாயகியாக நடித்தவருக்காகப் பின்னணி பாடினார். தமிழ்த் திரையில் பின்னணி பாடிய முதற்பெண்கள் வரிசையில் அவருக்கு இடம் உண்டு. திரையில் தோன்றிய முகம் வேறு. மக்கள் உள்ளத்தைத் தொட்ட குரல் பெரியநாயகியின் குரல்.

அத்தகைய பெயர் ஏன் குறைந்தது? 1980-களில் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது, ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பெரியநாயகிகள் இருப்பர். தலைப்பெழுத்தைச் சேர்த்து அழைத்தால்தான் உரியவள் எழுந்து நிற்பாள். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரின் பெயரால் கொளஞ்சி என்று ஆணும் பெண்ணும் இருப்பர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பதிவேட்டில் பெயர்கள் மாறின. பாட்டியின் பெயரை இடும் வழக்கம் தளர்ந்தது. பிறந்த நாள்மீனுக்கு உரிய எழுத்தையும் எண்கணிதத்தையும் பார்த்துப் பெயர் தேடினர். கிரந்த எழுத்தில் தொடங்கும் குறும்பெயர்கள் அழகெனக் கருதப்பட்டன. திரைப்படமும் தொலைக்காட்சியும் புதுப் பெயர்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. காலம் மாறும்போது பெயர் மாறுவது இயல்பே. அதனை நான் குறை கூறவில்லை. ஆனால் பழைய பெயரைத் தாங்கிய பெண் அதற்காக நாண வேண்டிய நிலை வந்ததே, அதுதான் வருந்தத்தக்கது.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நேரம். மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் என் அறைக்கு வந்தாள்.

“ஐயா, சான்றிதழில் இந்தப் பெயர் வேண்டாம் ஐயா. எல்லோரும் கிழவி, கிழவி என்கிறார்கள்” என்றாள்.

தந்தை தலைகுனிந்து, “எங்கம்மா பேருங்க ஐயா. அரசிதழில் போட்டு மாற்றிவிடலாம் என்கிறார்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்” என்றார்.

அதே வகுப்பில் அதே பெயருடைய மற்றொரு மாணவி இருந்தாள். கோணான்குப்பத்துப் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்தினள். அவளையும் அழைத்தேன். நீங்கள் இருவரும் ஒரே பெயருடையவர்கள். அஃது ஏன் என்று தெரியுமா என்று வினவினேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர், விடை தெரியவில்லை. முதுகுன்றம், குருநமசிவாயர், வீரமாமுனிவர் என்று நான் இப்பொழுது உங்களுக்குச் சொன்னவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். பெயரை மாற்றுவது உங்கள் உரிமை. ஆனால் மாற்றுமுன் எதை மாற்றுகின்றீர்கள் என்று அறிந்து மாற்றுங்கள் என்று கூறி அனுப்பினேன்.

மறுநாள் அம்மாணவி தனியே வந்தாள். “ஐயா, எங்கள் ஆயாவிடம் கேட்டேன். அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லையாம். இந்தப் பெயரை அவர்களுக்கு எழுதத் தெரியாதாம். நான் எழுதிக்காட்டினேன். பட்டியலில் இப்படியே இருக்கட்டும் ஐயா” என்றாள். அவள் விடை என் விளக்கத்தைவிடப் பெரியது. ஏனெனில், நான் சொல்லாத ஒன்றை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

அஃது என்ன? நம் முன்னோர் பெண்ணுக்குத் தலைவி என்று பெயர் வைத்தார்கள்; தலைமை தந்தார்களா? 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. பெருமை மிக்க தலைவி என்று பெயர் தாங்கிய எத்தனையோ பெண்கள் தம் பெயரைத் தாமே எழுத இயலாமல், பெருவிரல் ரேகையை வைத்தே வாழ்நாளைக் கழித்தனர். பெயர் உயர்ந்தது; நிலை உயரவில்லை. இந்த முரண்பாட்டையும் சேர்த்துச் சொல்லாமல் இப்பெயரின் வரலாறு நிறைவு பெறாது.

நிலை மாறத்தான் செய்தது. 1989-இல் தமிழக அரசு இயற்றிய சட்டத்திருத்தம், குடும்பச் சொத்தில் இந்துக் குடும்பத்துப் பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கு நிகரான உரிமையைத் தந்தது. கிழத்தி என்றால் உரிமை உடையவள் என்று தொல்காப்பியர் காலத்தில் இருந்த பொருள், சட்டத்தின் ஏட்டில் மீண்டும் எழுதப்பட்டது போல எனக்குத் தோன்றிற்று. 1996-இல் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016-இல் அதனைப் பாதியாக உயர்த்தும் சட்டம் வந்தது. அதுவரை ஊராட்சி மன்றத்தின் வாயிலில் நின்ற பெண்கள் உள்ளே சென்று நாற்காலியில் அமர்ந்தனர். நாயகி என்னும் சொல்லுக்குப் பொருள் அகராதியில் மட்டுமன்றி ஊரிலும் கிடைக்கத் தொடங்கிற்று.

ஆகவே மாணவ மணிகளே, உங்களுள் எவரேனும் பழைய பெயர் ஒன்றைத் தாங்கியிருந்தால் அதற்காக நாணாதீர்கள். பிறர் தாங்கியிருந்தால் நகைக்காதீர்கள். நகைக்கும் சொல் ஒரு பெண்ணைத் தன் பாட்டியிடமிருந்தே பிரித்துவிடும். புதிய பெயருடையோர் அதனைப் பெருமையுடன் தாங்குங்கள். அதன் பொருளையும் கேட்டறியுங்கள். எப்பெயராயினும், அதைத் தாங்குபவளுக்குக் கல்வியும் உரிமையும் இருந்தால்தான் அப்பெயர் ஒளி பெறும்.

உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகின்றேன். இன்று மாலை வீட்டிலுள்ள முதியவரிடம் சென்று, உங்கள் குடும்பத்துப் பெண்களின் பெயர்களை எத்தனை தலைமுறைக்குக் கேட்டறிய முடியுமோ அத்தனை தலைமுறைக்குக் கேளுங்கள். பாட்டனின் பாட்டன் பெயரைச் சொல்லும் வீட்டில்கூடப் பாட்டியின் பாட்டி பெயர் தெரியாது. தெரிந்தவரை ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே அப்பெயரின் பொருளையும், அவர் படித்தாரா என்பதையும் குறியுங்கள். கடைசி வரியில் உங்கள் வீட்டு இளைய பெண்ணின் பெயரை எழுதுங்கள். அந்த ஒரு தாளில் நம் நாட்டின் வரலாறு ஓரளவு இருக்கும். அது வேறு எந்த நூலிலும் இராது.